ஹோரேஸ் கெப்ஹார்ட்

ஹோரேஸ் கெப்ஹார்ட் (செப்டெம்பர் 8, 1862 – ஏப்ரல் 2, 1931) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நூலகர், எழுத்தாளர், காட்டு வாழ்க்கை அறிஞர் ஆவார். காட்டில் தங்கி வாழும் கலை பற்றி இவர் எழுதிய நூல் நூறாண்டுகளுக்கு மேலாகப் படிக்கப்பட்டு வருகின்றது. இவர் வடிவமைத்த எளிய உறைக்கத்தி இவரது பெயராலேயே கெப்ஹார்ட் கத்தி என அழைக்கப்படுகின்றது. கையால் கத்தி செய்யப் பழகுவோர் பலர் முதலில் தெரிவு செய்யும் வடிவங்களுள் இதுவும் ஒன்று. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா உருவாகப் பாடுபட்டவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமையும் நூலகப் பணியும்

கெப்ஹார்ட் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்ட் சேலம் என்னும் ஊரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் அயோவாவுக்குக் குடிபெயர்ந்தது. லெபனான் வேலி கல்லூரியில் 1879 இல் பட்டம் பெற்றபின் பாஸ்டனிலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். கார்னெலில் நூலகராக இருந்த வில்லார்ட் ஃபிஸ்க் இத்தாலியின் புளோரன்சு நகரில் சேர்த்து வைத்திருந்த நூல்களை வகைப்படுத்தும் பணியிலும் ஈடுபட்டார். பின்னர் யேல் கல்லூரி நூலகத்தில் பணியாற்றினார்.

1887 இல் லாரா மேக் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள். 1890 இல் செயின்ட் லூயிஸ் நகரின் மெர்க்கன்டைல் நூலகத்திற்குத் தலைமை நூலகரானார். அமெரிக்க மேற்குப் பகுதியின் வரலாறு தொடர்பான சிறந்த நூல் தொகுப்பை அங்கு உருவாக்கினார்.

நெருக்கடி

ஆண்டுகள் செல்லச் செல்ல நூலகத்தில் இருந்த நேரத்தைவிடக் காட்டில் தனித்துத் தங்கிய நேரம் மிகுந்தது. குடிப்பழக்கமும் கூடிற்று. 1903 இல் பதவியை இழந்தார். மனைவி பிள்ளைகளுடன் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகருக்குச் சென்றார். 1904 இல் கெப்ஹார்ட்டின் மனநலம் முற்றிலும் குலைந்தது. அவர்கள் மணமுறிவு செய்துகொள்ளவில்லை. எனினும் குடும்பம் மீண்டும் ஒன்றுசேர்ந்து வாழவில்லை. பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் லாராவின் மீதே விழுந்தது. கெப்ஹார்ட்டின் பிற்காலப் புகழைப் பற்றிப் பேசுவோர் இதையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.

மலை வாழ்க்கை

1904 இல் 42 வயதான கெப்ஹார்ட் வட கரொலைனாவின் மேற்கு மலைப்பகுதிக்கு வந்து, ஹேசல் கிரீக் என்னும் ஓடையின் கிளையொன்றின் கரையில் இருந்த மரக்குடிலில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். உடல்நலம் தேறியது. அங்கு கற்றவற்றைக் குறிப்பேடுகளில் பொருள்வாரியாகப் பதிந்து வைத்தார். நூலகரின் வகைப்படுத்தும் பழக்கம் இதில் அவருக்குக் கைகொடுத்தது.

1906 இல் வெளியான கேம்பிங் அண்ட் வுட்கிராஃப்ட் என்ற நூல் கூடாரம், உணவு, நெருப்பு, கருவிகள், வழியறிதல் முதலியவற்றை விரிவாகக் கூறுகின்றது. இது பின்னர் இரு தொகுதிகளாக விரிவாக்கப்பட்டது. 1913 இல் வெளியான அவர் சதர்ன் ஹைலேண்டர்ஸ் மலைவாழ் மக்களின் பேச்சு, பழக்கவழக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்தது. கள்ளச் சாராயம், குடிப்பகை போன்றவற்றிற்கு இந்நூல் மிகுந்த இடம் தந்துவிட்டது என்ற குறைகூறலும் உண்டு.

கெப்ஹார்ட் கத்தி

அக்காலத்தில் வேட்டைக் கத்தி என்று விற்கப்பட்டவை பெரும்பாலும் தடித்தும் கனத்தும் இருந்தன. சண்டைக்கு ஏற்ற கத்தி காட்டு வேலைக்கு ஏற்றதன்று என்பது கெப்ஹார்ட்டின் கருத்து. இறைச்சி அரிதல், குச்சி சீவுதல், விலங்கின் தோலுரித்தல் ஆகியனவே கத்தியின் அன்றாட வேலைகள். இவற்றுக்கு மெல்லிய அலகே தேவை. கனமான வெட்டு வேலைக்கு ஒரு சிறு கோடரியையும் நுண்ணிய வேலைக்கு ஒரு மடக்குக் கத்தியையும் அவர் உடன் வைத்திருந்தார்.

அவர் நெடுநாள் பயன்படுத்திய கத்தியை நாட்டுப்புறக் கொல்லர் ஒருவர் செய்து கொடுத்தார். பார்ப்பதற்கு அழகற்றதாயினும் கெப்ஹார்ட் அதையே பெரிதும் விரும்பினார். அதன் எடை ஏறத்தாழ 113 கிராம் (4 அவுன்சு). கடினமான ஆனால் இலேசான மரத்தாலான பிடி நீள்வட்டக் குறுக்குவெட்டு உடையது. கையைக் கொப்புளமாக்கும் விளிம்புகள் அதில் இல்லை. பிடி கனமாக இருந்தால் குனியும்போது கத்தி உறையிலிருந்து நழுவிவிடும் என்பதால் இலேசான மரம் தெரிவு செய்யப்பட்டது. பின்னர் பென்சில்வேனியாவின் கோல்க்ளசர் சகோதரர்கள் நிறுவனம் ஏறத்தாழ 11.4 செ.மீ. (4½ அங்குலம்) அலகு கொண்ட கத்தியை இவ்வடிவில் செய்து விற்றது.

புதிதாகப் பழகுவோருக்கு இவ்வடிவம் ஏற்றதாக இருப்பதற்குக் காரணங்கள் உள்ளன. கோடுகள் பெரும்பாலும் நேரானவை. அலகு மெல்லியதாதலால் அரத்தால் தேய்த்தே வடிவமைக்கலாம். உலோகக் காப்பு இல்லாததால் பற்றவைப்பு தேவையில்லை. எளிய கரிம எஃகைக் காந்தம் ஒட்டாத நிலை வரை சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் எளிதில் நொறுங்கும். அதனால் ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்துவர். மெல்லிய கூர்விளிம்பு தோய்க்கும்போது வளையவோ வெடிக்கவோ கூடும். எனவே கூரைச் சற்றுத் தடிப்பாக விட்டு, பதப்படுத்திய பின்னரே இறுதியாகத் தீட்டுவது வழக்கம்.

தேசியப் பூங்கா

கெப்ஹார்ட் 1910 முதல் பிரைசன் சிட்டி என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். தமக்கு உயிர் தந்த காடுகள் வெட்டுமர நிறுவனங்களால் அழிக்கப்படுவதைக் கண்டு, 1920களில் அவற்றைப் பூங்காவாகக் காக்க வேண்டுமென எழுதலானார். சப்பானில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் ஜார்ஜ் மாசாவின் படங்கள் இவரது கட்டுரைகளுக்குத் துணைநின்றன. அமெரிக்கப் பேரவை 1926 இல் பூங்காவுக்கு ஒப்புதல் அளித்தது. பூங்கா 1934 இல் நிறுவப்பட்டது.

மறைவு

பூங்கா நிறுவப்படுவதைக் காண கெப்ஹார்ட் உயிருடன் இல்லை. ஏப்ரல் 2, 1931 அன்று பிரைசன் சிட்டிக்கு அருகே நிகழ்ந்த வாடகை மகிழுந்து விபத்தில் அவரும் உடன் சென்ற எழுத்தாளர் ஃபிஸ்வுட் டார்ல்டனும் உயிரிழந்தனர். கெப்ஹார்ட் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வட கரொலைனா, டென்னசி மாநிலங்களின் எல்லையில், பூங்காவினுள் 1,895 மீட்டர் உயரமுள்ள சிகரம் ஒன்று மவுண்ட் கெப்ஹார்ட் என்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது.