பஸ்ஸுக்குப் பின்னால் எரியும் அடுப்பு... மதுரையை அசத்திய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் கதை!

ஈ.சி.ஆரில் எங்கேயாவது ஒரு கார் எரிந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் அந்த வீடியோ கோட்டக்குப்பம் டீக்கடை வரைக்கும் வந்துவிடும். உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்களா என்பது ரெண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, அது எந்த கம்பெனி வண்டி? அதுக்கப்புறம் ஆரம்பிக்கும் பாருங்க பஞ்சாயத்து! ஒருத்தர் கொரியன் கார்தான் பெஸ்ட் என்பார். இன்னொருத்தர் ஜப்பான் இன்ஜினை அடிச்சுக்க ஆளே இல்லை என்பார். மூணாவது ஆள், தகரம் கனமாக இருக்கிற நம்ம நாட்டு வண்டிதான் உயிரைக் காப்பாத்தும் என்று சத்தியமே பண்ணுவார்.

இந்தக் கடற்கரையில் அந்தப் பேச்சு கொஞ்சம் கூடுதல் சூடாக இருக்கக் காரணமும் இருக்கு. மரக்காணம் உப்பளங்களில் தொடங்கி புதுச்சேரி எல்லை வரைக்கும் காற்றிலேயே உப்பு. அது ஒயரிங் கனெக்டர், பேட்டரி டெர்மினல், எர்த் போல்ட் என்று ஒவ்வொரு இடமாக மெதுவாக அரிக்கும். அரித்த இடத்தில் கரன்ட் தடங்கி, அந்த இடம் சூடாகும். இதோடு வெளியில் எக்ஸ்ட்ரா ஹாரன், ஃபாக் லைட் மாட்டி, பியூஸ் இல்லாமல் பேட்டரியில் இருந்து நேரடியாக ஒயர் இழுத்திருந்தால் சொல்லவே வேண்டாம். பெட்ரோல் ஹோஸில் விரிசல் விட்டு, சொட்டுகிற பெட்ரோல் சூடான சைலன்ஸர் குழாயில் விழுவது இன்னொரு வழி. இதில் எதுவும் பானெட்டில் இருக்கும் லோகோவைப் பார்த்து வருவதில்லை.

பிராண்டு சண்டை போடுகிறவர்கள் ஒருத்தரைப் பற்றித் தெரிஞ்சுக்கணும். சொந்தமாக ஒரு காரோ பைக்கோ தயாரிக்காமலேயே, நம்பி ஏறலாம் என்ற பெயரை வாங்கியவர் அவர். அதிலும் ஒரு காலத்தில், எரிகிற அடுப்பையே பஸ்ஸில் மாட்டி ஓடவிட்டவர். பெயர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். ஆமாம், டி.வி.எஸ். என்கிற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர். திருக்குறுங்குடியின் 'டி', அப்பா பெயரின் 'வி', சுந்தரத்தின் 'எஸ்'.

வக்கீல், ரயில்வே, பேங்க்... எதுவும் செட் ஆகலை!

1877 மார்ச் 22-ம் தேதி, திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். சட்டம் படித்து வக்கீலாக இருந்தார். பிறகு ரயில்வே வேலை, அதற்குப் பிறகு பேங்க் உத்தியோகம். அந்தக் காலத்தில் இதில் ஏதாவது ஒன்று கிடைத்தாலே ஊரே மரியாதை கொடுக்கும். இவர் மூன்றையும் விட்டுவிட்டு 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் என்று போர்டு மாட்டினார். 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அதன் பிறகு மதுரைதான் அவருடைய கோட்டை.

அன்றைக்குப் பஸ் என்பது இப்போது நாம் பார்க்கிற மாதிரி இல்லை. வண்டி கப்பலில் வந்து இறங்க வேண்டும். ஒரு பாகம் உடைந்தால், மாற்றுப் பாகமும் கப்பலில்தான் வர வேண்டும். சாலையில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் ராஜா. லாடத்தில் இருந்து கழன்று விழும் ஆணிகள் ரோடு முழுக்கக் கிடக்கும். ரப்பர் டயருக்கு அதுதான் எமன்.

இதற்கு அவர் செய்த வேலை மதுரைப் பக்கம் இன்றைக்கும் கதையாகச் சொல்லப்படுகிறது. பஸ் போவதற்கு முன்னால், காந்தம் கட்டிய ஒரு வண்டியை அந்தத் தடத்தில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைப்பாராம். டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் ரோட்டையே சுத்தம் பண்ணக் கிளம்பிவிட்டார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். டி.வி.எஸ். பஸ் கடப்பதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தில் மணியைத் திருத்துவார்கள் என்பதும் அந்த ஊர்ப் பெரியவர்கள் விடாமல் சொல்லும் விஷயம். நேரத்துக்கு பஸ் வர வேண்டும் என்றால் டிரைவர் வேகமாக ஓட்டினால் மட்டும் போதாதே. முதல் நாள் ராத்திரி ஷெட்டில் யாரோ ஒருத்தர் பிரேக்கையும் பெல்ட்டையும் கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பெட்ரோல் இல்லையா? கரி இருக்கே!

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. இந்தியாவுக்கு எண்ணெய் வந்த முக்கியமான வழி அடைபட்டது. பெட்ரோலுக்கு ரேஷன். ராணுவத்துக்குப் போக மிச்சம்தான் மக்களுக்கு. பல ஊர்களில் பஸ் நின்றே போகும் நிலைமை. அப்போதுதான் சுந்தரம் ஐயங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டை வடிவமைத்துத் தயாரித்தார். கரியில் ஓடும் வண்டி உலகப்போர் சமயத்தில் ஐரோப்பாவிலும் இருந்தது. சென்னை மாகாணத்தில் அதைப் பரவலாக்கியதில் இவருக்குப் பெரிய பங்கு.

விஷயம் சிம்பிள்தான். பஸ்ஸின் பின்புறம் ஒரு உயரமான இரும்புக் கொதிகலன் மாதிரி உருளை. அதற்குள் மரக்கரியைக் கொட்டி நெருப்பு மூட்ட வேண்டும். கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். போதுமான காற்று கிடைக்காமல் கனலும் கரியில் இருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, இன்ஜினுக்கு அனுப்பினால் வண்டி ஓடும். பெட்ரோலில் ஓடும்போது இருக்கும் வேகமும் இழுவையும் இருக்காது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகள் நம்ம தாத்தா பாட்டிகளிடம் நிறைய உண்டு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முன்னால் ஜனங்கள், பின்னால் எரிகிற கரி, நடுவில் வாசனையே தெரியாத ஒரு விஷ வாயு. இன்றைக்கு அப்படி ஒரு வண்டி ரோட்டில் போனால் நாம் வீடியோ எடுத்துப் போட்டு, அந்தக் கம்பெனியை ஒரு வழி பண்ணியிருப்போம். அன்றைக்கு அது ஓடியதற்குக் காரணம் தினசரி வேலை. சாம்பலை அள்ளணும், வடிகட்டியைச் சுத்தம் செய்யணும், மூட்டு மூட்டாகக் கசிவு இருக்கா என்று பார்க்கணும். ஒரு நாள் சோம்பல்பட்டாலும் வண்டி நகராது, அல்லது ஆபத்து. டயருக்கும் தட்டுப்பாடு வரும் என்பதால் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் ஆரம்பித்தார்.

அதுக்காக, ஒழுங்காகப் பராமரித்தால் எந்த வண்டியும் எரியாது என்று முடிவு கட்டிவிட முடியாது. 2022-ஐ ஞாபகம் இருக்கா? அந்த மார்ச் மாதம் வேலூரில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அவர்கள் எந்த போல்ட்டை முறுக்கியிருந்தால் அது நடந்திருக்காது? அடுத்த மாதமே ஓலா 1,441, ஒகினாவா 3,215, ப்யூர் ஈவி 2,000 என்று ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தன. அந்த ஆண்டு டிசம்பரில் இருந்து பேட்டரி பாதுகாப்பு விதிகளையும் மத்திய அரசு இறுக்கியது. பேட்டரிக்குள் இருக்கும் செல்லின் குறையை வண்டி வாங்கியவர் பார்க்கவே முடியாது. அதுக்கு விற்றவர்தான் பதில் சொல்லணும். சுந்தரம் ஐயங்கார் நின்ற இடம் சரியாக அந்த இடம்தான். வண்டியைச் செய்தது எங்கோ அமெரிக்காக்காரன். ஆனால், நடுரோட்டில் நின்றால் ஜனங்கள் திட்டப்போவது டிக்கெட் கொடுத்த இவரை. அதனால்தான் காந்தம், ஷெட், கேஸ் பிளான்ட் எல்லாமே.

வீட்டில் மட்டும் வேறு சுந்தரம்

பஸ்ஸில் புதுமைக்கு முதல் ஆளாக நின்றவருக்கு வீட்டில் அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. மகள் சௌந்தரம் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்து டாக்டரானார். ஜி.ராமச்சந்திரனை அவர் மறுமணம் செய்ய விரும்பியபோது குடும்பம் சம்மதிக்கவில்லை. 1940-ல் சேவாகிராமில், காந்தி முன்னின்று அந்தத் திருமணத்தை நடத்தினார். பிறகு திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கி, அப்பாவின் பெயர் தேவைப்படாத அளவுக்கு வளர்ந்தார் டாக்டர் சௌந்தரம்.

மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று கம்பெனி விரிந்தது. இந்தியாவின் பெரிய ஜெனரல் மோட்டார்ஸ் விநியோகஸ்தர்களில் ஒருவரானார்கள். அந்த அமெரிக்க கம்பெனி 1928-ல் இருந்து பம்பாயில் வண்டிகளை அசெம்பிள் செய்து வந்தது. 1954-ல் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. அடுத்த வருடம், 1955 ஏப்ரல் 28-ல் சுந்தரம் ஐயங்கார் இறந்துபோனார். மதுரையில் ஓடிய பஸ்களை 1972-ல் அரசு எடுத்துக்கொள்ள, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்ததே 1980-ல்தான். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் கதை மட்டும் அங்கே முடியலை. பேரன் சுரேஷ் கிருஷ்ணாவின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், 1990-களில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடி தயாரிக்கும் மெஷின்களை விலைக்கு வாங்கியது. இன்ஜின் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளும் அந்தக் குட்டி மூடிகள் பிறகு தமிழ்நாட்டில் இருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின.