முள் தைத்த இடத்தில்...

விரலில் முள் தைத்து உள்ளேயே ஒடிந்துவிட்டால், ஓரிரு நாளில் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? இதற்கு விடை கண்டவர் இல்யா மெச்னிகோவ்.

இவர் 1845ஆம் ஆண்டு, இன்றைய உக்ரேனிலுள்ள கார்கிவ் நகருக்கு அருகே பிறந்தார். விலங்கியல் கற்று, இளம் வயதிலேயே விரிவுரையாளரானார். 1869இல் லுட்மிலாவை மணந்தார். காசநோயால் நலிந்திருந்த மணமகளை நாற்காலியில் அமர்த்தித்தான் தேவாலயத்திற்குத் தூக்கிச் சென்றனர். வெப்பமான ஊர்களுக்கு அழைத்துச் சென்றும் பயனில்லை. 1873இல் மடெய்ரா தீவில் லுட்மிலா மறைந்தார். மனமுடைந்த மெச்னிகோவ் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்துக்கொண்டார். ஈராண்டுகளுக்குப் பின் ஓல்காவை மணந்து மீண்டும் ஆய்வில் ஈடுபட்டார்.

1882இல் ஒடேசா பல்கலைக்கழகப் பணியைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினா நகருக்குச் சென்றார். ஒரு நாள் குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தனர். தனியே இருந்தவர், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் இளவுயிரிகளின் உடலில் ரோஜா முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் காலை, நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன! காயத்தின் வழியே நுழையும் கிருமிகளையும் இவ்வாறே விழுங்கும் அணுக்கள் நம் உடலில் உள்ளன என்று அவர் வாதிட்டார். அவற்றுள் பெரியவற்றுக்கு மேக்ரோஃபேஜ் எனப் பெயரிட்டார்.

வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சுமந்து பரப்புகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. எதிர்ப்பு வலுத்தது. 1888இல் பாரிஸில் லூயி பாஸ்டர் அவருக்கு இடமளித்தார். 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1916இல் பாரிஸில் காலமானார்.

நம் நுரையீரலின் காற்றறைகளிலும் மேக்ரோஃபேஜ்கள் காவல் இருக்கின்றன. மூச்சோடு வரும் தூசியையும் கிருமிகளையும் அவையே விழுங்குகின்றன. கிருமிகள் பெருகினால், இரத்தத்திலிருந்து வேறு வெள்ளை அணுக்களைத் துணைக்கு அழைக்கின்றன. விபத்தில் பலத்த காயமுற்றவர்களுக்கு இக்காவல் தளர்ந்துவிடுவதுண்டு. உடைந்தது கால் எலும்பாக இருந்தாலும், அவர்களுக்கு நிமோனியா தொற்றும் ஆபத்து கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசநோய்க் கிருமியோ, விழுங்கப்பட்ட பின்னும் மேக்ரோஃபேஜுக்கு உள்ளேயே உயிர் வாழ வல்லது. லுட்மிலாவைப் பறித்த நோய், மெச்னிகோவ் பெயரிட்ட அதே அணுவுக்குள்தான் ஒளிந்திருந்தது. அவற்றை வெளியேற்றும் வழியைத் தேடும் ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன. அறிவியல் பயிலும் நம் மாணவர்களும் அத்தேடலில் இணையலாமே!