மண், தானியம், உடல்: குன்னூர் மருத்துவர் மெக்காரிசன்

நெல் அரைக்கக் கொண்டுபோகும்போது, அரிசி நல்ல வெள்ளையாக வர வேண்டும் என்று மில்காரரிடம் சொல்லிவிட்டு வருபவரா நீங்கள்? கறந்த பாலை முழுவதும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பிள்ளைகளுக்குப் பால் இல்லாத டீ போட்டுக் கொடுக்கும் வீடா உங்களுடையது? அப்படியானால் இந்த வாரம் உங்களுக்கு ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பெயர் வாங்கியவர் அல்ல இவர். மனிதனின் உடல்நலம் வயலிலும் அரிசி ஆலையிலும் அடுப்படியிலும் முடிவாகிறது என்று நம் நீலகிரி மலையில் இருந்துகொண்டு ஆராய்ந்து சொன்னவர். அவர் பெயர் சர் ராபர்ட் மெக்காரிசன்.

1878-ம் ஆண்டு வட அயர்லாந்தில் உள்ள போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் படித்து முடித்ததும், 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறினார். முதலில் சித்ரால், பிறகு கில்கித் என்று இமயமலையின் வடமேற்கு மூலையில் வேலை. கில்கித்தில் மட்டும் சுமார் 7 ஆண்டுகள் இருந்தார்.

அங்கே ஒரே ஓடையின் தண்ணீரைக் குடிக்கும் கிராமங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேல்கிராமத்தைவிடக் கீழ்க்கிராமங்களில் கழுத்துக் கழலை அதிகமாக இருந்ததை அவர் கவனித்தார். தண்ணீர் கீழே போகப்போக அழுக்கு சேர்வதுதான் காரணமோ என்று சந்தேகப்பட்டு, அந்தத் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்துப் பார்த்தார். கழலைக்கு அயோடின் பற்றாக்குறையே முக்கியக் காரணம் என்பது இன்று தெளிவாகிவிட்டது. ஆனாலும் நோயைத் தேடி நோயாளியின் தண்ணீருக்கும் உணவுக்கும் போகும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது.

அதே பகுதியில் ஹன்சா மக்களையும் பார்த்தார். தீட்டாத தானியம், காய்கறி, பழம், பால், எப்போதாவது இறைச்சி என்று சாப்பிட்ட அவர்களுடைய உடல் உறுதி அவரை யோசிக்க வைத்தது. ஹன்சாவில் எல்லோரும் நூறு வயதைத் தாண்டி வாழ்வார்கள் என்பது போன்ற கதைகளை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அவற்றை நம்ப வேண்டாம். அவர் எழுப்பிய கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மருத்துவர் நோயைப் படிப்பதுபோல் ஆரோக்கியத்தையும் ஏன் படிக்கக் கூடாது?

இந்தக் கேள்வியோடு அவர் குன்னூருக்கு வந்தார். 1918-ல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில், சத்துக்குறை நோய்களைப் பற்றிய ஆய்வு சிறிய அளவில் தொடங்கியது. 1923-ல் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி அரசு அதை நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வு மீண்டும் உயிர் பெற்று, பின்னாளில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று அழைக்கப்படுவது இதுதான்.

குன்னூரில் அவர் செய்த ஒரு சோதனையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் ஆங்கில அதிகாரிகள் இந்திய மக்களைப் போர்க்குணம் உள்ள இனம், இல்லாத இனம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பஞ்சாபியர் பிறவியிலேயே பலசாலி, தென்னாட்டவர் பிறவியிலேயே மெலிந்தவர் என்பது அவர்கள் கணக்கு. மெக்காரிசன் ஒரே வகையைச் சேர்ந்த வெள்ளெலிகளை ஏழு கூட்டங்களாகப் பிரித்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தவர் ஆகியோர் சாப்பிடும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றாகக் கொடுத்து வளர்த்தார்.

முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் சராசரியாக 235 கிராம் எடைக்கு வந்தன. தீட்டிக் கழுவிய அரிசியும், கொஞ்சம் பருப்பும், கொஞ்சம் காய்கறியும், புளியும் மசாலாவும் கொண்ட சென்னை மாகாண உணவைத் தின்றவை 155 கிராம்தான். ஏழில் கடைசி நாம்தான். எலி ஒன்றே, வளர்ந்த இடம் ஒன்றே. உணவு மட்டும்தான் வேறு. எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் பிறவிதான் காரணம் என்று சொன்னவர்களுக்கு இது சரியான பதில்.

வெள்ளைக்காரர் உணவையும் அவர் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தின் ஏழைகள் சாப்பிட்ட வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், டப்பா இறைச்சி, சர்க்கரை போட்ட டீ ஆகியவற்றைக் கொடுத்தபோது எலிகள் வளர்ச்சி குன்றி நோயில் விழுந்தன. ஒன்றையொன்று கடித்துத் தின்னவும் தொடங்கின.

அரிசியைக் குறை சொன்னார் என்று நீங்கள் எண்ண வேண்டாம். அரிசிக்கு நாம் செய்வதைத்தான் அவர் குறை சொன்னார். அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்கே, இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், பெரிபெரி என்ற நரம்பு நோய் இருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட பகுதிகளில் அந்த நோய் பெரும்பாலும் இல்லை. காரணம் எளிது. பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்ற பி1 வைட்டமினில் பெரும்பகுதி தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அதில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடாது. நம் பாட்டிமார் நெல் அவித்ததற்குப் பின்னால் இப்படியொரு அறிவியல் இருக்கிறது.

வேளாண்மைக்காரர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான வேலை ஒன்றும் அவர் செய்தார். கோயம்புத்தூரில் 1909-ம் ஆண்டு ஒரு நிரந்தர உரப் பரிசோதனை வயல் தொடங்கப்பட்டது. ஒரு பாத்திக்குத் தொழு உரம், இன்னொன்றுக்கு ரசாயன உரம், வேறொன்றுக்கு எதுவும் இல்லை என்று ஆண்டுதோறும் அதே பாத்தியில் அதே உரம். இன்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அது நடக்கிறது. வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்துடன் சேர்ந்து, வெவ்வேறு உரத்தில் விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் மெக்காரிசன் உயிரினங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1926-ல் முடிவு வெளிவந்தது. தொழு உரத்தில் விளைந்த தானியத்தில் ஊட்டம் கூடுதலாக இருந்தது என்றார்கள். அதே காலத்தில், இந்திய விவசாயத்தை ஆராய வந்த ராயல் கமிஷனுக்கும், மக்களின் சத்துக்குறை பற்றி அவர் அறிக்கை கொடுத்தார். விவசாயம் பற்றிய விசாரணையில் ஒரு மருத்துவரின் குரலும் சேர்ந்தது.

உழவியல் படித்தவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழு உரம் போட்ட தானியம் எப்போதும், எல்லாச் சத்திலும் உயர்ந்தது என்று பிற்கால ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்லவில்லை. ரகம், மண், மழை என்று பல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் மண்ணில் இல்லாத சத்து தானியத்தில் வராது என்பதில் ஐயம் இல்லை. நம் மாநிலத்து மண்ணில் துத்தநாகக் குறைபாடு பரவலாக இருக்கிறது. துத்தநாகம் குறைந்த நிலத்தில் பயிரும் சோரும், மணியிலும் அந்தச் சத்து குறையும். அதனால் நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரமும், குறை உள்ள நிலத்தில் 10 கிலோ துத்தநாக சல்பேட்டும் என்ற பரிந்துரையை விளைச்சலுக்கு மட்டும் உரியது என்று பார்க்காதீர்கள். முதலில் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மெக்காரிசன் 1933-ல் சர் பட்டம் பெற்றார். 1935-ல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகள் தேசிய ஆரோக்கியமும் ஊட்டச்சத்தும் பற்றிய ஆங்கில நூலாகக் கிடைக்கின்றன. இந்தியப் பள்ளிகளுக்காக 1928-ல் உணவு என்ற தலைப்பில் ஒரு சிறு ஆங்கிலக் கையேடும் எழுதினார். வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் தேடிப் படியுங்கள். சில செய்திகள் பழையதாகிவிட்டன. ஆனால் மண், பயிர், கால்நடை, மனிதன் ஆகியவற்றை ஒரே சங்கிலியாகப் பார்க்கும் பார்வை பழையதாகவில்லை. 1960-ல் ஆக்ஸ்போர்டில் அவர் காலமானார்.

அன்று கடைசி இடம் பெற்ற அந்தச் சாப்பாட்டுத் தட்டு இன்று உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது? விற்பதற்கு முன் வீட்டுக்கு என்று கொஞ்சம் பாலை எடுத்து வையுங்கள். வீட்டுக்கு அரைக்கும் நெல்லைப் புழுங்க வைத்து, லேசாகத் தீட்டச் சொல்லுங்கள். பலமுறை கழுவாதீர்கள், வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். தவிடு நீக்காத கம்பும் சாமையும் சீக்கிரம் சிக்கடிக்கும் என்பதால், தேவைக்கு மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள். வரப்போரம் முருங்கையும், கிணற்றடியில் கீரைப் பாத்தியும் இருக்கட்டும். ஊருக்கெல்லாம் விளைவிக்கும் வீட்டில் பிள்ளைகள் சோகையோடு இருக்கக் கூடாது. அடுத்த முறை நெல் மூட்டையோடு மில்லுக்குப் போகும்போது, எவ்வளவு தீட்ட வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.