ரிச்சர்டு ஹென்றி பெட்டோம்

ரிச்சர்டு ஹென்றி பெட்டோம் (மே 11, 1830 – பெப்ரவரி 23, 1911) சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேய இராணுவ அதிகாரியும் வனத்துறைத் தலைவரும் இயற்கையியலாளரும் ஆவார். தென்னிந்திய மலைகளின் ஊர்வன, நீர்நில வாழ்வன, தாவரங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து பல புதிய இனங்களை அறிவியல் உலகிற்கு விவரித்தார்.

வாழ்க்கை

இவர் இலண்டனின் கிளாப்பம் பகுதியைச் சேர்ந்தவர். சட்டத்துறைக்கென பயிற்றுவிக்கப்பட்ட போதிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1857 இல் வனத்துறையில் இயூ கிளெகார்னின் உதவியாளரானார். 1860 முதல் 1882 வரை சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்தார். பணி நிமித்தம் மேற்கொண்ட மலைப் பயணங்களே இவரது ஆய்வுக் களமாக அமைந்தன.

ஊர்வன, நீர்நில வாழ்வன ஆய்வுகள்

மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழுக்களை உண்ணும் கேடயவால் பாம்புகளில் இவர் பெரிதும் நாட்டம் கொண்டார். குட்டி ஈனும் இப்பாம்புகளுள் பல, குறிப்பிட்ட ஒரு மலைத்தொடரில் மட்டுமே காணப்படுபவை. 1886 இல் இந்தியா, இலங்கையின் கேடயவால் பாம்புகள் அனைத்தையும் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். திருப்பதி மலையின் பொன்னிறப் பல்லி (1870), ஆனைமலையின் கருந்தவளையான மெலனோபாட்ராக்கஸ் இண்டிகஸ் (1878) ஆகியனவும் இவர் விவரித்தவையாகும். அத்தவளைப் பேரினத்தில் இன்றுவரை அறியப்பட்ட ஒரே இனம் அதுவே.

சேர்வராயன் மலை இனங்கள்

சேலம் அருகிலுள்ள சேர்வராயன் மலையிலிருந்து 1863 இல் ஒரு கேடயவால் பாம்பை விவரித்து, ஜான் சோர்ட் என்னும் மருத்துவரின் நினைவாகப் பெயரிட்டார். பிற்கால ஆய்வாளர்கள் அதனை வேறோர் இனத்துடன் இணைத்தனர். 2014 இல் வெளியான ஆய்வு அதனை மீண்டும் தனி இனமாக நிறுவியது.

1870 இல் அதே மலையிலிருந்து இவர் விவரித்த மெல்லுடல் பல்லியின் (எமிஃபைலோடாக்டைலசு அவுராண்டியாக்கசு) வரலாறு இதற்கு மாறானது. அது தென்னிந்தியாவில் பரவலாக வாழும் ஒரே இனம் என நெடுங்காலம் கருதப்பட்டது. 2019 இல் கொல்லிமலைப் பல்லி உள்ளிட்ட மூன்று இனங்கள் புதியவையாக விவரிக்கப்பட்டன.

இவ்வேறுபாடு பெயர் சார்ந்தது மட்டுமன்று. பரவலானதாகக் கருதப்படும் இனம் ஒரு மலையில் அழிந்தாலும் பெரிதாகக் கவனிக்கப்படுவதில்லை. அம்மலைக்கே உரிய இனமாயின் அவ்வழிவு ஈடுசெய்ய முடியாதது. சேர்வராயன் மலை காப்பித் தோட்டங்களாலும் பாக்சைட்டுச் சுரங்கங்களாலும் மாற்றமடைந்த ஒன்றாகும். அதற்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் பரந்துள்ள கல்வராயன் மலைக்கும் இது பொருந்தும். அங்கு காணப்படும் உயிரினங்களை, அண்டை மலையின் இனங்களே எனக் கொள்ளாமல் தனித்தே ஆராய வேண்டியுள்ளது.

நூல்கள்

* ஃபுளோரா சில்வாட்டிகா (1869–1873) – தென்னிந்திய மரங்கள் பற்றியது
* பிரித்தானிய இந்தியப் பெரணிகளின் கையேடு (1883)

நினைவு

நிக்டிபாட்ராக்கஸ் பெடோமி என்னும் சிறு தவளை, யூரோபெல்டிஸ் பெடோமி என்னும் கேடயவால் பாம்பு உள்ளிட்ட பல இனங்கள் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.