ஏகாரத்துக்குக் கால் கொடுத்தவர்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் உள்ளது எங்கள் ஏலாக்குறிச்சி. வெளியூரார் அதனை அடைக்கல மாதா கோயிலால் அறிவர். தமிழ் படித்தோர் வீரமாமுனிவரால் அறிவர். அறிவியல் மாணவனுக்கு முனிவரிடம் என்ன வேலை என்று நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் புன்னகைக்கலாம். கணினியும் கைப்பேசியும் பற்றியே பேசும் இந்நாளில், செய்தித் தொடர்புக் கருவிகளுள் மூத்தது எழுத்து என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அக்கருவியைச் செப்பனிட்டவர் எங்கள் ஊரில் வாழ்ந்தார்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவா வந்து, பின் மதுரை மறைத்தளத்தை அடைந்தார். முப்பதாம் வயதையொட்டித் தமிழ் அரிச்சுவடியைக் கையிலெடுத்தவர், 1726இல் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக் காப்பியத்தை முடித்தார்! ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் போற்றிக் கலம்பகமும் பாடினார். நவாபு பற்றியும் பாளையக்காரர் பற்றியும் ஊரில் வழங்கும் கதைகள் பல. அவற்றைப் பெரியவர்கள் வாயால் கேட்பதே சுவை, ஈண்டு விடுக்கிறேன்.

ஓலைச்சுவடியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றே. குறிலாயின் மேலே புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று ஏடெழுதுவோர் அதனை விட்டனர். எனவே எரியா ஏரியா, கொடுவா கோடா, பெய்யா பேயா என்பதை இடம் நோக்கித்தான் உணர வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பத்தார்க்கு இது தடையன்று. புதிதாய்ப் படிக்க வந்தவன்தான் தடுமாறினான். முனிவர் அப்புள்ளியை நம்பாமல் நெடிலுக்குத் தனி அடையாளம் வகுத்தார். இன்று ஏகாரத்தின் கீழே நீளும் காலும், நெடிலுக்குரிய சுழித்த கொம்பும் அவ்வழி வந்தவை. எங்கள் ஊர்ப்பெயரின் முதலெழுத்தே அதற்குச் சான்று. கணினிக்குரிய ஒருங்குறியில் எகரத்தின் எண் 2958, ஏகாரத்தின் எண் 2959. இரண்டும் வேறு எழுத்துகள் என்று எந்திரத்துக்கும் ஐயமில்லை.

1732இல் அவர் தொகுத்த சதுரகராதியை நான் இதனினும் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு முன் சொற்பொருள் காண நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுள், மனப்பாடம் செய்தவனுக்கே பயன்படும். 1594இல் தோன்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைப் பின்பற்றியது, அதுவும் செய்யுளே. முனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்துச் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். ஆசிரியர் அருகில் இல்லாதவனும் தானே தேடிக் கொள்ளலாம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நானே முதல்வன். ஐயம் வந்தால் கேட்க வீட்டில் ஆளில்லாதவனுக்கு அகர வரிசையின் அருமை தெரியும்.

இன்றும் எங்கள் தெருவில் மாலை வேளையில் நாலைந்து பேர் கைப்பேசியை என்னிடம் நீட்டுகின்றனர். முதியோர் உதவித்தொகை கணக்கில் ஏறியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. கடவு எண்ணை எவருக்கும் சொல்லாதீர் என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அதைப் படிக்க இயலாதவர்கள் அந்த எண்ணை என்னிடமே காட்டிக் கேட்கின்றனர்! நான் நல்லவனாக இருப்பது அவர்கள் நற்பேறு. புள்ளி விட்ட ஓலைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமையை நான் காணவில்லை. எழுதுவோர் தம் வசதிக்கு எழுதிவிட, சுமை படிப்பவன் தலையில் ஏறுகிறது.

முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டது தரங்கம்பாடி அச்சகம். அது அவர் சமயத்தில் எதிர்த்து வாதிட்ட லுத்தரன் சபையாருடையது என்பது வியப்பு. கருத்தில் பகை இருந்தும் நூலின் தேவையை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். 1740களில் முனிவர் கேரளத்து அம்பலக்காட்டில் காலமானார். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.