திங்களும் வியாழனும்: இர்பில் மன்னர் போய் வந்த வீடுகள்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. யதீமாகப் பிறந்து, யதீம்களின் புகலிடமாக வாழ்ந்த நம் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



ஒரு ரமளானில் யதீம்கானா ஒன்றுக்கு இஃப்தாருக்குப் போயிருந்தேன். மூன்று வீடுகளிலிருந்து பிரியாணி அண்டா வந்து இறங்கியிருந்தது. பிள்ளைகளால் சாப்பிட்டு முடிக்க முடியவில்லை. பொறுப்பாளரிடம் அல்ஹம்து லில்லாஹ் என்றேன். அவரும் சொன்னார். சொல்லிவிட்டு, ஷவ்வால் பிறை தெரிந்த பிறகு இந்த வாசலை மிதிக்க ஆள் இல்லை ஹள்ரத் என்று வருத்தப்பட்டார். அன்றிரவு எனக்கு ஒரு மன்னரின் நினைவு வந்தது. இன்றைய ஜும்ஆவில் அவருடைய வாழ்க்கையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் முளஃப்பருத்தீன் கூக்பூரி ரஹ்மதுல்லாஹி அலைஹி. இன்றைய இராக்கின் வடக்கே உள்ள இர்பில் நகரத்தின் மன்னர். மீலாது விழாவைப் பெரிய அளவில் நடத்தியவர் என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அந்தப் பேச்சுக்கு நான் இன்று போகவில்லை. அவர் வருடம் முழுக்கச் செய்த வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

ஹிஜ்ரி 549, அதாவது கி.பி. 1154இல் மூஸில் நகரக் கோட்டையில் பிறந்தார். தந்தை ஸைனுத்தீன் அலீ பெரும் வீரர், இர்பிலின் அதிபதி. நீண்ட காலம் வாழ்ந்த அந்த வீரரின் கண்பார்வை முதுமையில் போய்விட்டது. பொறுப்புகளை விட்டுவிட்டு இர்பிலில் ஒதுங்கி இருந்தார். ஹிஜ்ரி 563இல் வஃபாத்தானார். மகனுக்கு அப்போது வயது 14.

யதீமான அந்தப் பையனுக்கு அடுத்த அடியும் விழுந்தது. ஆட்சி அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த தளபதி, கொஞ்ச காலத்தில் அவரை விலக்கிவிட்டுத் தம்பி யூசுஃபை உட்கார வைத்தார். தந்தையும் இல்லை, ஊரும் இல்லை என்று வெளியே போனார். மூஸிலில் சேவகம் பார்த்தார், ஹர்ரான் நகரத்தின் பொறுப்பைப் பெற்றார். பிறகு சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களோடு சேர்ந்தார். சுல்தான் தம் சகோதரி ரபீஆ காத்தூனை இவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். ஹிஜ்ரி 583இல் ஹித்தீன் போர்க்களத்தில் உறுதியாக நின்றவர்களில் இவரும் ஒருவர். ஹிஜ்ரி 586இல் தம்பி இறந்த பிறகுதான், ஏறத்தாழ 37 வயதில், தந்தையின் ஊர் இவர் கைக்குத் திரும்பி வந்தது. அதன் பிறகு 44 வருடங்கள் ஆண்டார்.

அன்பானவர்களே! அந்த ஊரில் அவர் என்ன கட்டினார் என்று பாருங்கள்.

பார்வை இழந்தவர்களுக்கும் தீராத நோயாளிகளுக்கும் நான்கு இல்லங்கள். விதவைகளுக்கு ஓர் இல்லம். யதீம் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம். தெருவில் விடப்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கும் ஓர் இல்லம். அங்கே பாலூட்டும் தாய்மார்களைச் சம்பளத்திற்கு அமர்த்தியிருந்தார். எங்கே ஒரு குழந்தை கண்டெடுக்கப்பட்டாலும் அங்கே கொண்டு வரப்படும், அதற்குப் பால் கிடைக்கும். இவை போக, தினமும் காலையில் ஊரில் பல இடங்களில் ஏழைகளுக்கு ரொட்டி. குளிருக்கும் கோடைக்கும் ஏற்ற துணி, அதோடு கையில் தீனாரும்.

கட்டுவதைப் பல மன்னர்கள் செய்திருக்கிறார்கள். இவரிடம் வேறொன்று இருந்தது. ஒவ்வொரு திங்களும் வியாழனும் அஸர் நேரத்தில் அந்த நான்கு இல்லங்களுக்கும் தாமே போவார். அறை அறையாக நுழைவார். ஒவ்வொருவரிடமும் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார், கையில் ஏதாவது கொடுப்பார். அவர்களோடு சிரித்துப் பேசுவார், கேலி பேசுவார். பிறகுதான் அடுத்த அறை. மருத்துவமனையிலும் இப்படித்தான். இரவு எப்படிக் கழிந்தது, எதைச் சாப்பிட ஆசை என்று ஒவ்வொரு படுக்கையாக நின்று கேட்பார்.

யோசித்துப் பாருங்கள். பார்வை இல்லாத ஒருவருக்கு மன்னரின் தலைப்பாகையும் தெரியாது, குதிரையும் தெரியாது. குரல்தான் தெரியும். இன்று வியாழன், அந்தக் குரல் வரும் என்று ஒருவர் காத்திருப்பது சாப்பாட்டை விடப் பெரிய விஷயம் இல்லையா?

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என்ற பார்வையற்ற ஸஹாபி வந்த நேரத்தில், குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த நம் நாயகத்திற்கே அல்லாஹ் அபஸ சூராவை இறக்கி, வந்தவர் பக்கம் முகத்தைத் திருப்பச் சொன்னான். ஒரு பார்வையற்றவருக்குக் காட்ட வேண்டிய முகத்திற்காகக் குர்ஆனில் ஒரு சூரா தொடங்குகிறது!

மன்னரின் சட்டை முரட்டுப் பருத்தி. ஐந்து திர்ஹம் கூடப் பெறாது. ரபீஆ காத்தூன் இதற்காக அவரைக் கண்டித்திருக்கிறார். விலை உயர்ந்த ஆடையை உடுத்திக்கொண்டு ஏழையைக் கைவிடுவதை விட இதுவே மேல் என்பதுதான் அவரது பதில்.

ஜமாஅத்தார்களே! நல்லதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நான் அமானிதத்திற்கு மாறு செய்தவனாவேன். அதே காலத்தில் வாழ்ந்த பயண அறிஞர் யாகூத் அல்ஹமவி, இந்த மன்னரிடம் ஒன்றுக்கொன்று முரணான குணங்கள் இருந்தன என்று எழுதுகிறார். ஏழைகளுக்கு அள்ளிக் கொடுப்பார், கைதிகளைப் பெரும் பணம் கொடுத்து மீட்பார். ஆனால் குடிமக்களிடம் கடுமையாக நடந்து, முறையற்ற வழியிலும் பணம் வசூலிப்பார். எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் போய் அருகில் உட்கார்ந்த இடத்தில் இரக்கம் இருந்தது. வசூலுக்கு ஆள் அனுப்பிய இடத்தில் அது இல்லாமல் போனது. கொடுக்கும் கையைப் போலவே வாங்கும் கையும் மறுமையில் விசாரிக்கப்படும். அல்லாஹ் அவருடைய பிழைகளை மன்னித்து, நன்மைகளை ஏற்றுக்கொள்வானாக! நம் கடையின் தராசையும் நம்மிடம் வேலை செய்பவரின் கூலியையும் சரிபார்த்துவிட்டு ஸதகா பெட்டியைத் திறப்போம்.

ஹிஜ்ரி 630 ரமளானில் வஃபாத்தானார். மக்காவில் அடக்கம் செய்ய வஸிய்யத் செய்திருந்தார். மறு வருடம் ஜனாஸாவைக் கொண்டு போன ஹாஜிகளின் கூட்டம் மக்காவை அடையாமல் பாதி வழியில் திரும்பிவிட்டது. கூஃபாவில் அடக்கப்பட்டார். நான்கே வருடத்தில், 634இல், மங்கோலியர்கள் இர்பிலுக்குள் புகுந்து சூறையாடினார்கள். அவர் காலத்து மினாரா ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அந்த இல்லங்களோ ஏட்டில்தான் இருக்கின்றன.

ஏட்டில் எழுதியவர் யார் தெரியுமா? வரலாற்றாசிரியர் காழி இப்னு கல்லிகான் (ரஹ்). ஹிஜ்ரி 608இல் அதே இர்பிலில் பிறந்தவர். அவருடைய தந்தை அந்த மன்னர் கட்டிய மத்ரஸாவில் ஆசிரியர். மகனுக்கு இரண்டு வயது இருக்கும்போது தந்தை வஃபாத்தானார். ஆம், அவரும் அந்த ஊரின் ஒரு யதீம்! அந்த மன்னர் தம் குடும்பத்திற்குச் செய்த உபகாரத்திற்கு நன்றி செலுத்தித் தீராது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கல் கட்டிடம் காணாமல் போனது. ஒரு யதீமின் பேனா அதைக் காப்பாற்றிவிட்டது.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே! நம்மால் நான்கு இல்லங்கள் கட்ட முடியாமல் இருக்கலாம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ள முடியும். நம் தெருவில் பார்வையற்றவர் ஒருவர் இருப்பார், தந்தையை இழந்த பிள்ளை ஒன்று இருக்கும். அண்டாவை அனுப்புவதோடு நிற்காமல் நாமே போவோம். பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், உட்கார்ந்து பேசுவோம். அந்தப் பிள்ளையை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுக்க வேண்டாம். அடுத்த மாதமும் அதே நாளில் போவோம்.

யதீம்களின் தலையைத் தடவும் கைகளாக, பார்வை இழந்தோர் காத்திருக்கும் குரல்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, நம் தர்மத்தை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.