விழியின் உள்ளே ஒளி செலுத்திய அறிஞர்



கண் மருத்துவர் சிறு விளக்குக் கருவி ஒன்றை நம் கண்ணருகே பிடித்து உற்று நோக்குவதைக் கண்டிருப்பீர்கள். அக்கருவியை உலகிற்கு அளித்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆவார்.

இவர் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் பொட்ஸ்டம் நகரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். இளமையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நோயால் அடிக்கடி வருந்தினார். மனப்பாடம் செய்வதும் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. ஆயினும், மரக்கட்டைகளை அடுக்கி விளையாடியே வடிவங்களின் இயல்பை நன்குணர்ந்தார்.

பௌதிகம் பயில வேண்டும் என்பதே அவருடைய பேரவா. குடும்பத்தின் வருவாயோ அதற்கு இடந்தரவில்லை. பெர்லின் நகரில் அரசாங்கச் செலவில் மருத்துவம் பயின்று, பின்னர்ப் படையில் மருத்துவராகப் பணிபுரியும் வாய்ப்பு இருந்தது. 1838இல் அதனை ஏற்றுக்கொண்டார். பயிலுங்காலத்தில் கடுங்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் கிடந்தார். மாணவர் என்பதால் செலவின்றிச் சிகிச்சை கிடைத்தது. அதனால் மிஞ்சிய உதவிப் பணத்தைக் கொண்டு ஒரு நுண்பெருக்கியை வாங்கி ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1847இல், ஆற்றல் அழிவதில்லை என்னும் உண்மையை விளக்கி நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26.

அக்காலத்தில், உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரில் காண மருத்துவருக்கு வழியில்லை. சென்னையில் 1819ஆம் ஆண்டிலேயே கண் மருத்துவமனை தோன்றியது. அங்கும் இதே நிலைதான். கண்ணுக்குள் செல்லும் ஒளி வந்த வழியே திரும்புகிறது. அவ்வழியில் நின்று பார்க்க முயன்றால், பார்ப்பவரின் தலையே ஒளியை மறைத்துவிடும்.

1850இல் மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஆயத்தம் செய்தபோது ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு ஓர் எண்ணம் உதித்தது. மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்து, விளக்கொளியை நோயாளியின் கண்ணுக்குள் திருப்பினார். அத்தகடுகளின் ஊடாகவே தாம் நோக்கினார். மூக்குக்கண்ணாடி வில்லைகள், அட்டை, பசை ஆகியவையே அவர் பயன்படுத்திய பொருள்கள். சில நாள் முயற்சிக்குப்பின் விழித்திரையும் அதன் இரத்தக் குழாய்களும் தெளிவாகத் தெரிந்தன! 1851இல் இதனை நூலாக வெளியிட்டார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கருவிழியின் வளைவை அளக்கும் கருவியொன்றையும் அமைத்தார். அண்மையிலுள்ள பொருளைப் பார்க்கும்போது கண்ணின் வில்லை சற்றே பருக்கிறது என்பதை நிறுவினார். வயது ஏற ஏற அவ்வில்லை இறுகிவிடுகிறது. நாற்பதைக் கடந்த நம் பெற்றோர் ஊசியில் நூல் கோக்க இடர்ப்படுவது இதனால்தான்.

1871இல் தாம் விரும்பிய பௌதிகத்திற்கே பெர்லினில் பேராசிரியரானார். 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் மறைந்தார்.

பெற்றோர்களே! நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் விழித்திரையைக் கெடுக்கும். தொடக்கத்தில் வலியிராது, பார்வையும் குறையாதிருக்கலாம். கருவியால் நோக்கினால் மட்டுமே தெரியும். ஆதலின், அந்நோயுடையோர் ஆண்டுதோறும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்க. பிள்ளை கரும்பலகை எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மாணவர்களே! வறுமை ஹெல்ம்ஹோல்ட்ஸின் வழியைச் சற்றே வளைத்தது, அடைத்துவிடவில்லை. மிஞ்சிய சிறு பணத்தில் அவர் வாங்கியது அறிவுக்கு உதவும் கருவியே என்பதை நினைவில் கொள்வோமாக!